கையெழுத்துப் போடாத பன்னிரண்டாவது ஆள்

உங்களில் நான்கு பேர் அடுத்த மாதம் முதல் மூப்பர் வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். எந்தப் பாடத்தை முதலில் வைப்பது, எத்தனை வாரம் நடத்துவது என்றெல்லாம் கேட்டு எனக்கு எழுதியிருந்தீர்கள். பாடங்கள் அச்சில் இருக்கின்றன. ஓரளவு படித்தவர் யார் வேண்டுமானாலும் அவற்றை நடத்திவிடலாம். நான் சொல்லப்போவது அச்சில் இல்லாதது. ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு ராஜபாளையத்தில் நான் எடுத்த வகுப்பில் நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் முதுகில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். மேடையில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அந்த வருடம் நான்கு சபைகள் சேர்ந்து பதினோரு பேரை அனுப்பியிருந்தன. மில்லில் சூப்பர்வைசர், பள்ளிக்கூட ஆசிரியர், ஜவுளிக்கடைக்காரர், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், இப்படி. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பஸ்தர்கள். போதகர் ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போய்வர முடியாது. நோயாளியைப் பார்ப்பதும், சண்டையைத் தீர்ப்பதும், துக்க வீட்டில் நிற்பதும் மூப்பர்களின் வேலை. அதற்கு இவர்களைத் தயார் செய்ய வேண்டும். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்குச் சபைக் கூடத்தில் வகுப்பு.

முதல் வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, வருகைத் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினோரு கையெழுத்து. மேசை மேல் டீக்கடைக்காரர் எடுக்க மறந்த கிளாஸ்கள் இருந்தன. பன்னிரண்டு. நான் டீ குடிப்பதில்லை. யாரோ இரண்டு குடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில், ஜன்னலை ஒட்டி, ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர். வெள்ளைச் சட்டை, வேட்டி, மடியில் பழைய வேதாகமம். வருகைத் தாள் அவர் பக்கம் போனபோது கையெழுத்துப் போடாமலே அடுத்தவரிடம் கொடுத்தார். ராஜபாளையம் சபைக்காரர்கள் அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆள் என்று நினைத்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களோ ஆலங்குளம் பக்கத்து ஆள் என்று நினைத்திருந்தார்கள். நானும் யாரோ கூட்டி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நேரே போய், "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க அரை நிமிடம் ஆகியிருக்காது. கேட்கவில்லை. இத்தனை வருட ஊழியத்தில் நான் செய்த சோம்பல்களில் அதுதான் பெரியது.

மூன்றாம் வாரம், ஆலங்குளத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "ஒங்க மூப்பர் வந்துட்டுப் போனாவ பாஸ்டரய்யா. ரெண்டு நாள் முன்னாடி. செத்த நேரம் இருந்தாவ. அவுக போன பொறவு இவுக நிம்மதியாத் தூங்குனாவ" என்றார்.

"எந்த மூப்பர்மா?"

"பேரு சொல்லல. வெள்ளச் சட்ட போட்டுருந்தாவ. டீ குடுத்தேன், வேணாம்னுட்டாவ."

எங்கள் மூப்பர்கள் யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் ராஜபாளையத்திலேயே இன்னொரு வீடு. அங்கேயும் அதே பேச்சு. ஒரு மூப்பர் வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், போனார். மூன்றாம் நாள் சாவு. அந்த வீட்டு மருமகள் மட்டும் ஒன்று கூடுதலாகச் சொன்னாள். "அந்த ஆளு கெளம்பும்போது மாமாவத் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு பார்வ பாத்தாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மனுசன் பாக்குற பார்வையே இல்ல அது."

மூன்றாவது வீடு செண்பகத்தோப்பில். காட்டோரம், மலை ஆரம்பிக்கும் இடத்தில், தனியாக ஒரு வீடு. வனத்துறையில் வாட்சராக இருந்த பெரியவர் படுக்கையில் கிடந்தார். சேதி தெரிந்து உச்சி வெயிலில் நான் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்ற அவர் மகள், "இப்பதான ஒங்க மூப்பர் போறாவ. வழியில பாக்கலியா?" என்றாள்.

நான் வந்த வழி ஒற்றை மண் பாதை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, கம்பிவேலி போட்டது. எதிரே ஆடு மாடுகூட வரவில்லை. திரும்பி அந்தப் பாதையைப் பார்த்தேன். வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு இலை அசையவில்லை. பறவைச் சத்தம்கூட இல்லை. அந்தப் பெண்ணிடம் எப்படி இருந்தார் என்று கேட்டேன். வெள்ளைச் சட்டை, பழைய வேதாகமம், டீ வேண்டாம் என்றார், ஒன்றும் பேசவில்லை. பெரியவர் மறுநாள் சாயங்காலம் இறந்தார்.

அதற்குப் பிறகு பேச்சு பரவியதைத் தடுக்க முடியவில்லை. 'அந்த மூப்பர் வந்தால் மூன்று நாள்' என்று ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது பேசிக்கொண்டார்கள். நோயாளி இருக்கும் வீடுகளில் பகலிலேயே கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். உண்மையான மூப்பர் ஒருவர் கதவைத் தட்டியபோது, உள்ளே பேச்சு சட்டென்று நின்றதாம். ஜன்னல் இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்ததாம். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திறந்தார்கள்.

என் வகுப்பிலேயே எபனேசர் என்று ஒருவர் இருந்தார். மில் சூப்பர்வைசர். கெட்டிக்காரர், குரல் வளமானவர், வேத அறிவு உள்ளவர். அந்தப் பதினோரு பேரில் முதலில் மூப்பராகப் போகிறவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பாஸ்டரய்யா, இது பிசாசோட வேல. நம்ம பேரச் சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள நொழையுது. அதக் கட்டிப்போட்டு ஜெபிக்கணும்" என்றார். கடைசி வரிசையில் இருந்தவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நாங்கள் யாரைப் பற்றிப் பேசினோமோ அவரை எங்கள் மத்தியிலேயே உட்காரவைத்து, டீ கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன். எஸ்தரம்மா என்று ஓய்வு பெற்ற ஆசிரியை, புற்றுநோய். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் மகன் பால்ராஜ் பேசினார்.

"அந்த ஆளு வந்துருக்கான் பாஸ்டரய்யா. உள்ள வச்சுப் பூட்டிட்டோம். ஒடனே வாங்க. தெருவே கூடிருச்சு. எனக்குப் பயமா இருக்கு."

எபனேசர் அன்று விடுப்பில் இருந்தார். அவர் பைக்கிலேயே போனோம். கோர்ட்டைத் தாண்டி உள்ளே போகும் தெரு. முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஆனால் அத்தனை பேர் நிற்கிற தெருவுக்கு உரிய சத்தம் இல்லை. வழிவிட்டார்கள்.

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, என் வகுப்பின் கடைசி வரிசைக்காரர்.

சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள். ஒருவன் அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். அவர் கைகள் மடியில் இருந்தன. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தெரிந்த முகத்தைக் கண்டுவிட்ட நிம்மதி. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

பால்ராஜ் கேட்டார்: "இவரு ஒங்க சபை மூப்பரா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்த சொல்லுங்க."

என் பின்னால் நின்ற எபனேசர் மெல்ல, "மாட்டிக்கிடாதீய ஐயா" என்றார்.

அந்த ஒரு நொடியில் எனக்குள் என்னென்ன ஓடியது என்று உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஆமாம் என்றால் மூன்று சாவும் என் சபையின் தலையில் விழும். என் வகுப்பில் ஆறு வாரமாக உட்கார்ந்திருக்கிறார், பெயர்கூடத் தெரியாது என்றால் என் பேர் கெடும். சபையைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இவரை எனக்குத் தெரியாது" என்றேன்.

அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத வாக்கியத்தைச் சொல்லி ஒரு மனிதனைக் கைவிட முடியும் என்பதை அன்றுதான் கற்றேன். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. 'சரிதான்' என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினார்.

ஒரு அறை விழுந்தது. சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினார்கள். அவர் தோளில் மாட்டியிருந்த துணிப்பை கிழிந்து, வேதாகமம் ஒரு பக்கம் விழுந்தது. இன்னொரு பக்கம் ஒரு இஞ்ச் டேப் விழுந்து, சுருள் பிரிந்து தெருவின் குறுக்கே ஓடியது.

கூட்டம் அப்படியே நின்றது. யாரோ சொன்னார்கள்: "ஏலே, இவன் சவப்பெட்டி செய்றவம்லா."

அடித்தவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். முன்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். அந்த டேப்பை மிதித்துவிடக் கூடாதென்று கால்களைத் தூக்கி வைத்தார்கள். "அளவெடுக்க வந்துருக்கான்" என்று ஒரு பெண் குரல் நடுங்கிக்கொண்டே சொன்னது. அவர் மெல்ல எழுந்து, டேப்பைச் சுற்றி, வேதாகமத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு நடந்தார். அவருக்கு விட்ட வழி மிக அகலமாக இருந்தது.

நான் உள்ளறைக்குப் போனேன். எஸ்தரம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அவிய போயிட்டாவளா?" என்றார். குரல் காற்றுபோல வந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் வந்துட்டேன். ஜெபம் பண்ணட்டுமா?"

"நீங்க நல்லா ஜெபம் பண்ணுவீய." கண்ணை மூடிக்கொண்டார். "அவிய பேசாம இருந்தாவ."

நான் ஜெபித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

மறுநாள் விசாரித்துக்கொண்டு அவருடைய கடைக்குப் போனேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், மரக்கடை ஒன்றின் பின்புறம் தகரக் கொட்டகை. மத்தியானம். வெளியே கண் கூசும் வெளிச்சம், உள்ளே போனால் ஒன்றும் தெரியவில்லை. இழைத்த மரத்தின் வாசனை மட்டும் வந்தது. கண் பழகப் பழக, சுவரில் சாய்த்து வைத்திருந்தவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான்கு பெட்டிகள், வெவ்வேறு நீளம். ஆட்கள் வரிசையில் நிற்பதுபோல இருந்தது. நடுவில் அவர் உட்கார்ந்து ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"வாங்க பாஸ்டரய்யா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன். "உங்க பேரு என்ன?"

"ஞானமுத்து."

"நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஞானமுத்து."

அவர் பலகையைத் திருப்பிப் போட்டார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகப் பேசினார்.

"டாக்டரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்ன பொறவு, வீட்டு ஆம்பளையாளு ஒருத்தரு யாருக்கும் தெரியாம இங்க வருவாவ. அஞ்சடி நாலங்குலம், இன்ன தெரு, தயாரா வச்சுக்கோங்கம்பாவ. பேரு சொல்ல மாட்டாவ. சொன்னா வாய் வச்ச மாதிரி ஆயிரும்னு பயம். நான் அளவ எழுதி வச்சுக்கிட்டு வேலையப் பாப்பேன். ஆனா ஐயா, அந்த ஆளு இன்னும் உசுரோட இருக்காவ. மூச்சு விட்டுக்கிட்டு இருக்காவ. நான் இங்க அவியளுக்குப் பலகை அறுக்கேன். எம்புட்டு நாள்தான் சும்மா அறுத்துக்கிட்டு இருக்கது? ஒரு நாள் தாங்கல. போயிப் பாத்துட்டு வந்தேன். அதுக்குப் பொறவு போகாம இருக்க முடியல."

"நீங்க மூப்பர்னு சொன்னீங்களா?"

"நான் சொல்லல. கையில வேதாகமத்தப் பாத்து அவியளா மூப்பர் வாங்கன்னாவ. பொட்டி செய்றவன்னு சொன்னா உள்ள விடுவாவளா? பேசாம இருந்துட்டேன். அது என் தப்புதான்." உப்புத்தாளைக் கீழே வைத்தார். "ஒரு வீட்டுல, ஏதாவது சொல்லுங்க மூப்பரேன்னு அழுதாவ. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நீங்க வகுப்பு எடுக்கீயன்னு கேள்விப்பட்டேன். சாகப்போறவிய கிட்ட என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுப்பீயன்னுதான் வந்தேன். ஆறு வாரமாக் காத்திருந்தேன். அந்தப் பாடம் வரல."

நான் எடுத்த ஆறு வாரப் பாடங்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். உபதேசம், சபை ஒழுங்கு, கூட்டம் நடத்துவது, ஆராதனை முறை. அவர் சொன்னது சரி. அது பாடத்திட்டத்திலேயே இல்லை.

"எஸ்தரம்மா வீட்டிலிருந்து யார் வந்து அளவு சொன்னது?"

"நேத்து ஒங்ககிட்ட ஆமாவா இல்லையான்னு கேட்டாரே, அவரோட மச்சான். அவரு அனுப்பித்தான் வந்தேன்னாரு."

டேப் தெருவில் ஓடியபோது பால்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. பிறகு அந்த வாட்சர் வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

ஞானமுத்து நிமிர்ந்து பார்த்தார். "செண்பகத்தோப்பா? அங்க நான் போனதே இல்லீங்களே."

"வெள்ளைச் சட்டை, வேதாகமம், டீ வேண்டாம்னு..."

"சத்தியமா இல்ல ஐயா. அந்தப் பக்கத்துல இருந்து எனக்கு அளவே வரல."

வெயிலில் கூரைத் தகரம் நெளியும் சத்தம் கேட்டது. அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. அந்த வாட்சரின் மகளும் இல்லை. நான் பின்னால் மூன்று முறை போய்க் கேட்டும் அவள் ஒரு வார்த்தை மாற்றவில்லை. அன்று அந்த வீட்டுக்கு வந்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊழியத்தில் சில காரியங்களுக்கு விளக்கம் கிடைக்காது, கிடைத்ததுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை வகுப்புக்கு வரும்படி அவரை அழைத்தேன். "அவிய சும்மா இருப்பாவளா?" என்றார். "நான் இருக்கிறேன்" என்றேன். அதை நம்ப அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் வந்தார்.

அவர் உள்ளே வந்ததும் எபனேசர் எழுந்துவிட்டார். "இந்த ஆளு இருந்தா நான் இருக்க மாட்டேன்."

"உட்காருங்க எபனேசர்" என்றேன். "முதலில் நான் பேச வேண்டியது இருக்கிறது." ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும் அவர்கள் முன்னால் சொல்லி, ஞானமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். எபனேசர் உட்கார்ந்தார், ஆனால் முகம் இறுகியே இருந்தது.

பிறகு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். "உங்களுக்குத் தெரிந்து, நம் சபைகளில் இப்போது சாவுப் படுக்கையில் இருப்பவர்கள் பெயரை எழுதுங்கள்."

பேனாக்கள் அசையவில்லை. ஒருவர் எஸ்தரம்மா என்று எழுதினார், அவர் பெயர் ஊருக்கே தெரியும். மற்றபடி பத்துத் தாள்கள் வெள்ளையாக இருந்தன.

"ஞானமுத்து, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்."

அவர் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். எழுந்து நின்று, தயங்கித் தயங்கிப் படித்தார்.

"அஞ்சடி ரெண்டங்குலம். ரயில்வே ஸ்டேசன் பக்கம், பொம்பளையாளு. ஒல்லி."

மின்விசிறி மட்டும் சுற்றியது.

"அஞ்சடி ஏழு. பழைய பஸ் ஸ்டாண்டு பின்னாடி. ரொம்ப வயசில்லையாம்."

கம்பவுண்டர் தலையைத் தூக்கினார். அவர் தெரு அது. அவர் மெல்ல ஒரு பெயரை எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அளவுக்கும் எங்காவது ஒரு பேனா நகர்ந்தது. பெயரில்லாத அந்த நீளங்கள் ஒவ்வொன்றாக மனிதர்களாக மாறிக்கொண்டிருந்தன. அந்தக் கூடத்தில் எங்களுக்கு நடுவே அவர்கள் வந்து நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

"ஆறடி. ஆலங்குளம், ஆலைக்குப் பின்னால உள்ள தெரு. வயசானவரு. எடது கால் மடங்காது, நீட்டித்தான் வைக்கணும், ஒரு அங்குலம் கூடவே போடுங்கன்னு எளைய மகன் சொன்னாரு."

எபனேசரின் பேனா கீழே விழுந்தது.

யாரும் குனிந்து எடுக்கவில்லை. அவர் ஞானமுத்துவைப் பார்த்தார். "எப்ப வந்து சொன்னான்?"

"வியாழக்கெழம காலையில."

"என் தம்பி" என்றார் எங்களைப் பார்த்து. "புதன்கெழம போன் பண்ணுனான். அப்பாவுக்கு முடியல, வாண்ணேன்னான். வகுப்பு இருக்கு, சனிக்கெழம முடிச்சுட்டு வாரேன்னு சொன்னேன்." அந்த வளமான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "அவன் எனக்கு மறுபடி பண்ணல. இங்கதான் போயிருக்கான்."

எழுந்து கதவு வரை போனார். அங்கே நின்று திரும்பினார். கேட்டது என்னிடம் இல்லை.

"அங்க போயி நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றார் ஞானமுத்து. "தலமாட்டுல போயி உக்காருங்க. கால்மாட்டுல உக்காந்தா நம்ம மொகம் அவியளுக்குத் தெரியாது. கையப் புடிச்சுக்கோங்க. எந்திரிச்சுப் போகணும்னு தோணும். போகாண்டாம்."

நான் பாடத்திட்டத்தில் சேர்த்த ஏழாவது வாரப் பாடம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வரி சேர்க்க எனக்கு இன்றும் தெரியவில்லை.

எபனேசரின் அப்பா உயிரோடுதான் இருந்தார். மகனை அடையாளம் தெரிந்தது. மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எபனேசர் தலைமாட்டிலேயே இருந்தார். மற்ற பத்துப் பேரும் தங்கள் தாளில் எழுதிய வீடுகளுக்குப் போனார்கள். முதலில் கதவு திறக்கவில்லை, பிறகு திறந்தது. பால்ராஜே ஒரு நாள் தகரக் கொட்டகைக்குப் போய், "அம்மா ஒங்களக் கேக்காவ" என்று ஞானமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனார். அவரை மூப்பராக்க நான் பெயர் கொடுத்தேன். பெட்டி செய்கிறவர் வேண்டாம் என்று ஒரு சபை மறுத்தது. அதற்கு முன்பே அவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்த வருடம் எபனேசரும் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, சபை கேட்டு, மூப்பரானார்.

அவர் அப்பா அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஞானமுத்து என்னோடு நடந்து வந்தார்.

"அந்தப் பொட்டி நான் நோட்டப் படிச்ச சனிக்கெழமைக்கு முந்தியே முடிஞ்சுருச்சு ஐயா" என்றார். "தெனமும் காலையில கடையத் தெறந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பேன். இன்னும் காலியாத்தான் கெடக்குன்னு தெரிஞ்சதும், ஒரு நிம்மதி."